டி.என்.பி. டெஸ்ட்டிலிருந்து மூளை வரை: ஒரு சந்தேகத்தின் சரித்திரம்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டுக் கடிதம் எழுதியிருந்தார்கள். விடுதி மெஸ், கல்லூரி நாள், ஸ்டிரைக் இதையெல்லாம் பற்றி மற்ற நண்பர்கள் என்னைவிடச் சுவையாக எழுதுவார்கள். நானோ இங்கே பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு, பிறகு முப்பது வருடம் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது பாடம்தான். ஆகவே ஒரு நோயைப் பற்றிய ஆராய்ச்சியின் சரித்திரத்தை எழுதுகிறேன். இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் படிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். என் வயதுக்காரர்கள் படிக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். அது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நோயின் பெயர் பார்க்கின்சன் நோய். நம் ஊரில் நடுக்குவாதம் என்பார்கள்.

ஆறு நோயாளிகளும் ஒரு கறுப்புப் பகுதியும்

1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் விவரித்தவர்கள் ஆறே பேர். அவர்களிலும் சிலரைத் தெருவில் போகும்போது பார்த்ததுதான்! சும்மா இருக்கும்போது நடுங்கும் கை, முன்னால் குனிந்த உடம்பு, ஓடுவது போன்ற குறுநடை என்று அவர் எழுதிவைத்ததை இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். உள்ளே என்ன கெட்டுப்போகிறது என்பது மட்டும் தெரியாமல் நூறு வருடம் போயிற்று. 1919-ல் பாரிஸில் திரேத்தியாகோஃப் என்பவர் தம் ஆய்வேட்டில், நடுமூளையில் உள்ள 'சப்ஸ்டான்ஷியா நைக்ரா' என்ற பகுதியின் செல்கள் இந்த நோயாளிகளிடம் அழிந்திருப்பதைக் காட்டினார்.

'நைக்ரா' என்றால் கறுப்பு. அந்த இடம் ஏன் கறுப்பு? அங்கே உள்ள நரம்பு செல்கள் டோபமின் என்ற பொருளைத் தயாரிக்கின்றன. டோபமின் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கறுக்கும். வாழைப்பழத் தோல் நாளாக ஆகக் கறுக்கிறதே, அதற்கும் முக்கியமான மூலப்பொருள் டோபமின்தான். (உடனே, 'அப்போ தினம் நாலு வாழைப்பழம் சாப்பிட்டா போதுமே சார்' என்று வகுப்பில் ஒருவன் எழுந்து கேட்பான். பழத்தில் உள்ள டோபமின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாதப்பா, உட்கார் என்பேன்.) வாழைத்தோலில் நொதி செய்கிற வேலையும் மூளைக்குள் நடப்பதும் அப்படியே ஒன்றல்ல. ஆனால் ஆக்சிஜனேற்றம் என்ற அடிப்படை ஒன்றுதான். அந்தக் கறுப்பு நிறமே இங்கே ஆக்சிஜனேற்றம் நடந்துகொண்டிருக்கிறது என்று பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

1957-ல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், மருந்து கொடுத்து அசையாமல் முடக்கப்பட்ட முயல்களுக்கு டோபா என்ற பொருளைச் செலுத்தினார். முயல்கள் எழுந்து ஓடின. 1960-ல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் மிகவும் குறைந்திருப்பதை அளந்து காட்டினார்கள். 1961-ல் அதே வியன்னாவில் பிர்க்மேயர் நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட்டார். 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், டோபாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வாய்வழியாகப் பெரிய அளவில் கொடுத்தால் பலன் நிற்கும் என்று காட்டினார். அன்று முதல் இன்றுவரை இந்த நோய்க்கு அதைவிடச் சிறந்த மருந்து கிடைக்கவில்லை. கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி இருவரும் நம் வேலியோரத்துப் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். அது மூளைக்கு மருந்தாகும் என்று அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு விதையில் என்ன அமினோ அமிலம் இருக்கிறது என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். ('இதனால என்ன சார் பிரயோஜனம்?' என்று கேட்கும் மாணவர்கள் கவனிக்கவும்.)

நம்முடைய டி.என்.பி.தான்!

இனி நம் லேபுக்கு வருவோம். ஆர்கானிக் பிராக்டிகலில் தெரியாத பொருளைக் கையில் கொடுத்து என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஆல்டிஹைடா கீட்டோனா என்று பார்க்க 2,4-டைநைட்ரோ ஃபீனைல் ஹைட்ரசின் சேர்ப்போம். மஞ்சளோ ஆரஞ்சோ வீழ்படிவு வந்தால் கார்போனைல் தொகுதி உண்டு. நல்ல பளிச்சென்று நிறம் வருகிற பரிசோதனை அது. அந்த ஒரு வீழ்படிவை நம்பியே பாஸானவர்கள் நம்மில் பலர்!

அந்தப் பரிசோதனைதான் முதுமை, நோய் பற்றிய ஆராய்ச்சியில் ஒரு பெரிய கருவியாக ஆயிற்று. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஏர்ல் ஸ்டாட்மன் என்ற உயிர்வேதியியல் அறிஞர் இருந்தார். அவரும் ராட்னி லெவினும் மற்றவர்களும் பாக்டீரியாவில் குளூட்டமின் சிந்தடேஸ் என்ற நொதியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். செல்லுக்கு வேண்டாதபோது அந்த நொதி எப்படி அழிக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. 1981-ல் விடை வந்தது: முதலில் நொதி ஆக்சிஜனேற்றம் அடைந்து செயலிழக்கிறது, பிறகுதான் வெட்டப்படுகிறது. பழைய பஸ்ஸைக் கழித்துக்கட்டுமுன் அதன்மேல் அடையாளம் போடுவார்களே, அதுபோல.

அந்த அடையாளம்தான் கார்போனைல். புரதத்தில் உள்ள லைசின், ஆர்ஜினின், புரோலின், திரியோனின் போன்ற அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகள் ஆக்சிஜனேற்றத்தால் தாக்கப்படும்போது ஆல்டிஹைடு, கீட்டோன் தொகுதிகள் உண்டாகின்றன. நல்ல நிலையில் உள்ள புரதத்தில் இவை கிட்டத்தட்ட இல்லை. ஆகவே புரதத்தோடு நம் டி.என்.பி. வினைபொருளைச் சேர்த்து நிறத்தை அளந்தால் எவ்வளவு புரதம் கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். 1990-ல் லெவினும் ஸ்டாட்மனும் சகாக்களும் இந்த முறையை ஒழுங்காக எழுதி வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் லேபுகள் பிடித்துக்கொண்டன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புரதத்தில் ஏற்படும் சில ஆக்சிஜனேற்றங்களைச் செல்லே சரிசெய்துகொள்ளும். கார்போனைல் அப்படியல்ல. அதைத் திருப்ப வழியில்லை. புரதத்தையே உடைத்து அப்புறப்படுத்த வேண்டும். அப்புறப்படுத்துகிற வேகம் குறைந்தால் குப்பை சேரும். முனிசிபாலிடி வண்டி நாலு நாள் வராத தெருவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வலுத்த கதை

பார்க்கின்சன் நோய்க்கும் ஆக்சிஜனேற்றத்துக்கும் முடிச்சுப் போட்டது ஒரு விபத்து. 1982-ல் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள் கள்ளத்தனமாகத் தயாரித்த போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு, சில நாட்களில் சிலை மாதிரி உறைந்துபோனார்கள். வயதானவருக்கு வருஷக்கணக்கில் வரும் நோயின் கோலம் இவர்களுக்குச் சில நாட்களில் வந்துவிட்டது. எல்-டோபா கொடுத்ததும் அசைந்தார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் சகாக்களும் துப்பறிந்து, எம்.பி.டி.பி. என்ற கலப்படம்தான் குற்றவாளி என்று 1983-ல் எழுதினார்கள். அந்த நஞ்சு மூளைக்குள் எம்.பி.பி.பிளஸ் என்ற பொருளாக மாறி, டோபமின் செல்லுக்குள் நுழைந்து, மைட்டோகாண்ட்ரியாவின் முதல் படியான 'காம்ப்ளக்ஸ் ஒன்று' என்ற இயந்திரத்தை அடைத்துவிடுகிறது என்று 1985 வாக்கில் தெரிந்தது. இயந்திரம் அடைபட்டால் சக்தி குறையும். எலக்ட்ரான்கள் ஒழுகி ஆக்சிஜனோடு சேர்ந்து ஃப்ரீ ராடிக்கல்கள் உண்டாகும். 1989-ல் லண்டனில் ஷாபிராவும் சகாக்களும், போதை மருந்தே தொடாத சாதாரண நோயாளிகளின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவிலும் அதே காம்ப்ளக்ஸ் ஒன்று குறைந்திருப்பதைக் கண்டார்கள்.

சாட்சிகள் வரிசையாக வந்தன. 1982-லேயே வான்கூவரில் பெரி என்பவர், நைக்ராவில் குளூட்டதயோன் குறைவு என்று எழுதியிருந்தார். அது செல்லின் முக்கியமான ஆக்சிஜனேற்றத் தடுப்பான். பிறகு அங்கே இரும்புச்சத்து கூடுதல் என்றார்கள். இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஃபென்டன் வினை! 1894-ம் வருடத்துச் சரக்கு. ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற மகா முரட்டுப் பொருள் பிறக்கும். சரி, ஹைட்ரஜன் பெராக்சைடு எங்கிருந்து வந்தது? டோபமினைச் செல் உடைக்கும்போதெல்லாம், ஒரு மூலக்கூறுக்கு ஒன்று வீதம் வருகிறது. அதற்கு மேல், உடம்பின் எடையில் நூற்றில் இரண்டு பங்கே உள்ள மூளை, நாம் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. எண்ணெய், தீக்குச்சி, காற்று எல்லாம் ஒரே அறையில் இருக்கிற மாதிரி.

1997-ல் இரண்டு பெரிய செய்திகள் வந்தன. இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களில் பரம்பரையாக வரும் பார்க்கின்சன் நோய்க்கு ஆல்ஃபா-சைனுக்ளீன் என்ற புரதத்தின் மரபணுப் பிழை காரணம் என்று தெரிந்தது. நோயாளிகளின் நரம்பு செல்லுக்குள் உருண்டை உருண்டையாகத் தெரியும் 'லூயி உருண்டை'களிலும் அதே புரதம்தான் நிரம்பியிருந்தது. 2000-ல் அந்த உருண்டைகளில் உள்ள சைனுக்ளீன் நைட்ரஜன் சார்ந்த ராடிக்கல்களால் தாக்கப்பட்டிருப்பதைக் காட்டினார்கள். 2003-ல் டி.ஜே-1 என்ற இன்னொரு மரபணு சேர்ந்தது. அதன் புரதம் ஆக்சிஜனேற்ற நெருக்கடியை உணர்கிற காவல்காரன். வழக்கு முடிந்தது, தீர்ப்பு எழுத வேண்டியதுதான் என்று எங்களைப் போன்ற வாத்தியார்கள் எல்லாம் நினைத்தோம்.

மருந்தின் மேலேயே விழுந்த பழி

ஆனால் அதே 1997-ல், லண்டனில் ஆலம், ஜென்னர், ஹாலிவெல் முதலியோர் இறந்தவர்களின் மூளைகளில் கார்போனைலை அளந்து எழுதிய கட்டுரையை நான் பலமுறை வகுப்பில் எடுத்துக்காட்டியிருக்கிறேன். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் புரதக் கார்போனைல் கூடுதல். சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் நைக்ராவில் மட்டுமல்ல, மூளையின் வேறு பல பகுதிகளிலும் கூடியிருந்தது. இன்னொரு ஆச்சரியம்: உயிரோடு இருந்தபோது நோய்க்குறியே இல்லாமல், மூளையில் மட்டும் லூயி உருண்டைகள் இருந்தவர்களிடம், அதாவது நோயின் வாசற்படியில் நின்றவர்கள் என்று கருதப்படுபவர்களிடம், கார்போனைல் கூடவில்லை.

அப்படியானால் ஆக்சிஜனேற்றச் சேதம் நோயைத் தொடங்கி வைக்கிறதா, அல்லது நோய் முற்றிய பிறகு வருகிறதா? நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் இன்னொரு வித்தியாசமும் உண்டே. நோயாளிகள் வருடக்கணக்கில் எல்-டோபா சாப்பிட்டவர்கள். டோபாவும் தானே ஆக்சிஜனேற்றம் அடையும் பொருள்தான். சேதத்தில் மருந்துக்கும் பங்கு இருக்குமோ என்ற கேள்வி எழுந்தது. கண்ணாடித் தட்டில் வளர்த்த நரம்பு செல்கள்மேல் டோபாவை ஊற்றினால் செல்கள் சாவதையும் பலர் முன்பே காட்டியிருந்தார்கள்.

ஆராய்ச்சிக் கட்டுரையில் இது ஒரு கேள்வி. ஆனால் கிளினிக்குக்கு வரும்போது அது பயமாக மாறிவிட்டது. 'டோபா பயம்' என்றே மேல்நாட்டு மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

என் அத்தை வீட்டுக்காரர் ஒரு கிராமத்துப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். முத்து முத்தான கையெழுத்து. 1998-ல் அவர் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனது. பிறகு வலது கை நடுங்க ஆரம்பித்தது. பார்த்த மருத்துவர், 'டோபாவை இப்பவே ஆரம்பிச்சா மூளை சீக்கிரம் கெட்டுடும்; முடிஞ்சவரைக்கும் தள்ளிப் போடுங்க' என்று சொல்லி வைட்டமின் ஈ மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றைய நிலையில் பல ஊர்களில் பலர் சொன்னதுதான் அது. அவர் ஒருவரை மட்டும் குறை சொல்ல முடியாது. மாமா நான்கு வருடம் தள்ளிப் போட்டார். சட்டைப் பொத்தானை அத்தை போட்டுவிட வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார மாட்டார். இலையில் கை நடுங்குவதை நாலு பேர் பார்ப்பார்களாம். பிறகு வேறொரு மருத்துவர் டோபா மாத்திரையைத் தொடங்கினார். ஒரு மாதத்தில் மாமா பேரனுடைய பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் தாமே கையெழுத்துப் போட்டார். அத்தை என்னிடம், 'இதை முன்னாடியே குடுத்திருக்கலாமேடா, நாலு வருஷம் நல்லா இருந்திருப்பாரே' என்றார். அப்போது அவருக்குச் சொல்ல என்னிடம் உறுதியான பதில் இல்லை. ஏனென்றால் உலகத்திலேயே அப்போது உறுதியான பதில் இல்லை.

பதில் வந்த விதம்

பதில், மனிதர்களிடம் முறையாகச் செய்த சோதனைகளிலிருந்துதான் வந்தது. ஒரு சின்னத் தடயம் 1986-லேயே இருந்தது. லண்டனில், பார்க்கின்சன் நோய் இல்லாமலே நான்கு வருடத்தில் மொத்தம் இரண்டு கிலோ டோபா சாப்பிட்ட ஒருவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தார்கள். நைக்ரா நன்றாகவே இருந்தது. தட்டில் வளர்க்கும்போதும், நரம்பு செல்களோடு கிளையல் செல்களையும் சேர்த்து வளர்த்தால் டோபாவின் நச்சுத்தன்மை அடங்கிவிடுவதைக் கண்டார்கள். தட்டு வேறு, மூளை வேறு.

2004-ல் அமெரிக்காவில் ஸ்டான்லி ஃபான் தலைமையில் 361 புதிய நோயாளிகளிடம் செய்த சோதனையின் முடிவு வந்தது. 40 வாரம் டோபாவோ வெற்று மாத்திரையோ கொடுத்து, பிறகு இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தார்கள். டோபா சாப்பிட்டவர்கள்தான் நல்ல நிலையில் இருந்தார்கள். ஆனால் மூளைப் படத்தில் அதற்கு நேர்மாறான குறி தெரிந்தது! குழப்பம் தீரவில்லை. 2014-ல் கானா நாட்டு நோயாளிகளையும் இத்தாலி நோயாளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கானாவில் மருந்து கிடைப்பது அரிது. சராசரியாக நான்கு வருடம் கழித்துத்தான் டோபா தொடங்கினார்கள். தாமதித்ததால் லாபம் இருந்ததா? பெரிதாக இல்லை. தன்னிச்சையான அசைவுகள் என்ற பக்கவிளைவு, நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதையும் மருந்தின் அளவையும் பொறுத்து வந்ததே தவிர, மருந்தை எப்போது தொடங்கினார்கள் என்பதைப் பொறுத்து வரவில்லை.

கடைசியாக 2019-ல் நெதர்லாந்தில் 445 பேரிடம் நடந்த சோதனை. ஒரு பாதிக்கு உடனே டோபா, மறு பாதிக்கு 40 வாரம் கழித்து டோபா. 80-ம் வாரத்தில் பார்த்தால் இரு பக்கமும் ஒரே நிலை. டோபா நோயைத் தடுக்கவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. அத்தை கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: ஆமாம் அத்தை, முன்னாடியே கொடுத்திருக்கலாம். மாமாவும் அத்தையும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சரி, ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்ன ஆயின? அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 800 நோயாளிகளிடம் தினம் 2000 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த சோதனையின் இறுதி முடிவு 1993-லேயே வந்துவிட்டது: பலனில்லை. (மாமாவுக்கு எழுதிக்கொடுத்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து!) கோஎன்சைம் க்யூ10-ஐ 600 பேரிடம் பார்த்தார்கள், 2014-ல் முடிவு, பலனில்லை. யூரிக் அமிலத்தைக் கூட்டிப் பார்க்கலாம் என்று இனோசின் கொடுத்தார்கள். 2021-ல் முடிவு, பலனில்லை. மூளையின் கூடுதல் இரும்பை வெளியேற்றலாம் என்று டெஃபெரிப்ரோன் கொடுத்தார்கள். 2022-ல் முடிவு, நோயாளிகளின் நிலை வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மோசமாயிற்று. டோபமினைத் தயாரிக்கும் நொதிக்கே இரும்பு தேவையல்லவா!

அப்படியென்றால் கார்போனைல் பொய்யா? இல்லை. சேதம் உண்மை, அளவீடும் உண்மை. ஆனால் எரிந்த வீட்டில் கரி இருக்கும். கரியைப் பெருக்கி எடுத்தால் தீ அணைந்துவிடாது. நோய் வெளியில் தெரியும்போது நைக்ராவில் பெரும்பங்கு சேதம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. விழுங்கும் மாத்திரை சரியான செல்லின் சரியான மூலைக்குப் போய்ச் சேர்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மைட்டோகாண்ட்ரியா, சைனுக்ளீன், குப்பை அகற்றும் ஏற்பாடு இவை ஒன்றையொன்று கெடுக்கிற சக்கரத்தில் ஆக்சிஜனேற்றம் ஒரு கண்ணி. எந்தக் கண்ணியை எப்போது வெட்ட வேண்டும் என்பதில்தான் இப்போது ஆராய்ச்சி நடக்கிறது.

இரண்டு வார்த்தை

என் வயது நண்பர்களுக்கு: கையெழுத்து சிறுத்தாலோ, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் நின்றாலோ, சும்மா இருக்கும் கை நடுங்கினாலோ, 'வயசாச்சு' என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அவர் டோபா எழுதிக் கொடுத்தால், மூளை கெட்டுவிடும் என்ற பழைய பயத்தில் அதை அலமாரியில் வைக்காதீர்கள். அதே சமயம் பூனைக்காலிப் பொடியை நீங்களாக வாங்கித் தின்னவும் வேண்டாம். அதில் இருப்பதும் டோபாதான், ஆனால் எவ்வளவு என்பது விதைக்கு விதை மாறும். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு: ஒரு பொருள் நோயாளியிடம் கூடியிருக்கிறது என்று படித்தால் 'காரணமா, விளைவா, மருந்தால் வந்ததா?' என்று மூன்று தடவை கேளுங்கள். தட்டில் நடந்தது மனிதனிடம் நடந்ததா என்று நாலாவது தடவையும் கேளுங்கள். இந்த வருடமும் லேபில் டி.என்.பி. டெஸ்ட் செய்வீர்கள். ரெக்கார்டு நோட்டில் 'கார்போனைல் தொகுதி உண்டு' என்று மட்டும் எழுதுங்கள். பரிசோதனை சொல்வது அவ்வளவுதான். மீதியை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். வாழ்த்துகள்.